குடிக்காமலே தள்ளாடியவன்

டிக்கெட் சோதிக்கும் செக்கரம்மாவை ஏமாற்ற முடியாது என்பது பஸ்ஸில் போகிற எல்லாருக்கும் தெரியும். டிக்கெட் எடுக்காமல் வருகிறவனின் முகத்தை அவள் பார்ப்பதே இல்லை, கையைத்தான் பார்ப்பாள். பொய் சொல்கிறவன் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது என்பாள். இந்தச் சந்தேகம் வேலை முடிந்ததும் அவளோடு வீட்டுக்கும் வந்துவிடும். பெண் பார்க்க வந்தவர்களை எல்லாம், "கண்ணு செவந்திருக்கு, குடிகாரன்" என்று திருப்பி அனுப்பியதில் அவள் கல்யாணப் பேச்சே நின்றுபோனது. அவளையும் குறை சொல்ல முடியாது. குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்த அப்பாவைப் பார்த்து வளர்ந்தவள். அம்மாவும் பின்னாலேயே போய்விட, தம்பியை ஆளாக்கியது அவள்தான்.

தம்பி ஒரு ஷூ பட்டறையில் சோல் ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தான். முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. மழைக்காலம் தொடங்கியதும் அவன் போக்கு மாறியது. வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதே சுவரைப் பிடித்துக்கொள்வான். ஒன்றுமில்லாததற்குச் சிரிப்பான், கேட்டால் எரிந்து விழுவான். டம்ளர் கையிலிருந்து நழுவும். வாயில் எந்நேரமும் பெப்பர்மின்ட். அப்பாவும் அதைத்தான் மென்றார்.

"ஊதுடா."

"என்னக்கா இது, போலீஸ்காரன் மாதிரி."

"ஊதுன்னா ஊது."

ஊதினான். சாராய வாடை இல்லை. வேறு ஏதோ ஒன்று, இனிப்பாக, மூக்கைத் துளைத்தது. புதுச் சரக்கு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். லீவு நாளில் மட்டும் அவன் மதியத்துக்குள் தெளிந்துவிடுவது சந்தேகத்தை இன்னும் கெட்டிப்படுத்தியது. அக்கா கண் முன்னால் இருந்தால் யோக்கியன்!

ஒருநாள் லீவு போட்டுவிட்டு அவன் பின்னாலேயே போனாள். அவன் எந்தக் கடையிலும் நுழையவில்லை. நேராகப் பட்டறைக்குள் போனவன் சாயங்காலம் தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தான். அப்படியென்றால் உள்ளேயே வைத்துக் குடிக்கிறார்கள்.

மறுநாள் சாப்பாட்டு டப்பாவைச் சாக்காக எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நீளமான மேஜைகள். ஒவ்வொருவர் முன்னாலும் சோல் ஒட்டும் சொல்யூஷன் மூடி இல்லாத டின்னில், ஒரு பிரஷ். ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டி அடைத்திருந்தது.

"எதுக்குங்க இப்படி அடைச்சு வெச்சிருக்கீங்க?"

"ஈரக்காத்து பட்டா பசை பிடிக்காதும்மா. தூசியும் ஒட்டும்" என்றார் மேஸ்திரி.

பாட்டிலைக் கண்டுபிடிக்காமல் போவதில்லை என்று ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். மேஜைக்கு அடியில், பைக்குள், கழிவறைப் பக்கம் என்று அவள் கண் போகாத இடமில்லை. நேரம் போகப் போகத் தலை லேசானது. மேஸ்திரியின் மீசை ஒரு பக்கம் சாய்ந்திருப்பதைப் பார்த்து அடக்க முடியாமல் சிரித்தாள். எழுந்தபோது தரை கொஞ்சம் தாமதமாகத்தான் காலுக்குக் கிடைத்தது. தெருவுக்கு வந்து நின்றால், எதிரே வந்த பஸ்ஸின் நம்பர் ரெண்டு ரெண்டாகத் தெரிந்தது.

எப்படியோ வீடு வந்து படுத்தாள். சாயங்காலம் தம்பி வந்து அவளையே உற்றுப் பார்த்தான்.

"அக்கா, நீ குடிச்சிருக்கியா?"

அவள் சிரிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பசை வாடையிலேயே எனக்குப் போதை ஏறிடுச்சு. நீ குடிக்கலன்னு ஏண்டா அடிச்சுச் சொல்லல?"

அவன் பாதத்தைத் தேய்த்துக்கொண்டான். "எனக்கே தெரியலக்கா. வாயில எந்நேரமும் ஒரு வாடை, அதுக்குத்தான் பெப்பர்மின்ட். கால் மரத்துப் போகுது. சொல்ல வந்தது பாதியில மறந்துடுது. புத்தி பேதலிக்குதோன்னு பயமா இருந்துச்சு. அதுக்கு, குடிக்கிறான்னு நீ நெனச்சுட்டுப் போறதே மேல்னு விட்டுட்டேன்."

அன்றிலிருந்து செக்கரம்மாவின் சந்தேகம் வீட்டை விட்டு இறங்கிப் பட்டறைப் பக்கம் நடந்தது. தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் போய்ப் புகார் கொடுத்தாள். ஆய்வாளர் வந்தார். ஆனால் அவர் வருவதற்குள் சேதி போய்விட்டது. ஜன்னல்கள் திறந்து கிடந்தன, டின்களுக்கு மூடி வந்திருந்தது, புது ஃபேன் சுற்றியது. ஆய்வாளர் காற்றை அளக்கும் ஒரு கருவியை நீட்டிப் பார்த்துவிட்டு, முதலாளி தந்த டீயைக் குடித்துவிட்டுப் போனார் என்று தம்பி வந்து சொன்னான்.

டீயோடு வேறு என்ன வாங்கினார் என்று கேட்கவே நேராக அலுவலகத்துக்குப் போனாள். ஜலதோஷம் பிடித்த, அதிகம் பேசாத மனிதர் அவர். அவள் கத்தி முடிக்கும்வரை மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஜன்னல்ல டேப் உரிச்ச தடம் புதுசா இருந்துச்சும்மா. நானும் பாத்தேன்" என்றார். மேஜை இழுப்பறையிலிருந்து சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய வில்லை ஒன்றை எடுத்தார். "இதைக் காலர்ல மாட்டிக்கிட்டு நாள் பூரா வேலை செய்யட்டும். மூக்குக்கிட்ட வர்ற பசை ஆவியை இது இழுத்து வெச்சுக்கும். ஆய்வுக்கூடத்துல பாத்தா எவ்வளவுன்னு தெரிஞ்சிடும். எனக்காக ஒருநாள் ஜன்னலைத் திறப்பாங்க, தினமும் திறப்பாங்களா?"

அவள் வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது நெஜமாவே வேலை செய்யுமா சார்?"

"அதையும் சந்தேகப்படுங்க. தப்பில்ல."

அடுத்த மழையில் டேப் மறுபடி ஏறியதும் தம்பியும் இன்னும் சிலரும் வில்லையோடு வேலை பார்த்தார்கள். முடிவு வந்தபோது, அனுமதித்த அளவைப்போலப் பல மடங்கு. முதலாளி அவசர அவசரமாக எல்லாருக்கும் துணி மாஸ்க் வாங்கிக் கொடுத்தார். "இது தூசிக்கு. ஆவி இதுக்குள்ள புகுந்து போயிடும்" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு மேஜைக்கு மேலும் ஆவியை இழுத்து வெளியேற்றும் குழாய் வைக்கும்வரை ஒட்டுகிற வேலையே கூடாது என்று ஆய்வாளர் உத்தரவு போட்டார்.

வேலை நின்றது, கூலியும் நின்றது. கூட வேலை செய்தவர்களில் சிலர், "உங்க அக்காவுக்கு வேற வேலை இல்லையா?" என்று முணுமுணுத்தார்கள், தம்பியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆய்வாளர் ஏற்பாடு செய்த டாக்டர் எல்லாரையும் சோதித்துப் பார்த்தபோது அவர்களிலும் இரண்டு பேருக்குக் கால் மரத்திருந்தது தெரிந்தது. அதன் பிறகு அந்த முணுமுணுப்பு குறைந்தது. தம்பிக்கு நரம்பு தேற நாளாகும் என்றார் டாக்டர். முழுக்கத் தேறுமா என்று அக்கா கேட்டதற்கு மட்டும் அவர் பிடி கொடுக்கவில்லை. செருப்பு காலை விட்டுக் கழன்றதே தெரியாமல் தம்பி இப்போதும் சில நாள் ஒற்றைச் செருப்போடு வருகிறான். பட்டறை திறந்ததும் அவனைத் தோல் வெட்டும் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

குழாய்கள் வைத்த பிறகு உள்ளே வாடை நன்றாகவே குறைந்தது. மேஸ்திரி அவளைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினார். அவள் அண்ணாந்து குழாயைப் பார்த்தாள்.

"இதெல்லாம் ஆவியை எங்க கொண்டுபோய் விடுது?"

"பின்னாடி சந்துலம்மா."

அவள் சுற்றிக்கொண்டு சந்துக்குப் போனாள். குழாய் வாய்க்கு நேர் எதிரே ஒரு வீட்டு ஜன்னல். கதவைத் தட்டினாள். கைக்குழந்தையோடு ஒரு பெண் பாதிக் கதவைத் திறந்து மேலும் கீழும் பார்த்தாள்.

"யாருங்க நீங்க? என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்மா. கொஞ்ச நாளா உனக்குத் தலை வலிக்குதா?"

அந்தப் பெண் கதவைச் சாத்தப் போனவள் நின்றாள். பிறகு முழுக்கத் திறந்தாள்.