சர்க்கரை குடுக்காதே

இது பட்டப்பகலில் நடந்தது. நம்பாதவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் பதினோரு வருடமாக ஆம்புலன்ஸில் முதலுதவி செய்கிறவள் நான். மணி பார்த்து எழுதிவைப்பது என் வேலை. ஒரு நிமிடம்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

மதியம் 2.47. மூன்றாவது மாடி வீடு. மேலே தடாலென்று சத்தம் கேட்டதாகக் கீழ்வீட்டுக்காரர் போன் செய்திருந்தார். கதவு திறந்தே கிடந்தது. டிரைவர், உயரத்தால் எங்களுக்குக் ‘கொக்கு’, ஸ்ட்ரெச்சரை இறக்கக் கீழே நின்றுவிட்டான். நான் பையோடு உள்ளே போனேன்.

கூடத்தில் ஐம்பது வயது மனிதர் விழுந்து கிடந்தார். சட்டை வியர்வையில் தொப்பல். உடம்பு ஐஸ். நாடி படபடவென்று ஓடியது. உலுக்கினால் முனகல்கூட இல்லை. மேசையில் இன்சுலின் டப்பா. ஊசி கூடிப்போய்ச் சர்க்கரை இறங்கியிருக்கும் என்று தோன்றியது.

“சுகர் ஏறிடுச்சு.”

திரும்பினேன். சமையலறை வாசலில் ஒரு பெண்.

“நீங்க யாரும்மா?”

“அவர் சம்சாரம். இப்பதான் பார்த்தேன். நானூத்திச் சொச்சம். இன்னொரு ஊசி போடுங்க.”

கட்டியவர் தரையில் கிடக்கிறார். இவள் வாசலைத் தாண்டி ஓரடி வைக்கவில்லை. பதற்றமே இல்லை. எனக்குச் சுருக்கென்றது. வேண்டுமென்றே எதையாவது செய்து வைத்திருக்கிறாளோ?

அவர் விரலைத் துடைத்து, குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்தேன். கருவி காட்டியது... 29.

“இறங்கித்தாம்மா இருக்கு. குளுக்கோஸ் ஏத்தணும்.”

“சர்க்கரை குடுக்காதே.”

குரல் கிட்டத்தில் கேட்டது. ஆள் மட்டும் அதே இடத்தில்...

“ஏத்தலன்னா செத்துடுவாரும்மா!” கத்திவிட்டேன்.

2.54. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். நரம்பில் ஊசி ஏற்றினேன். குளுக்கோஸ் மெல்ல இறங்கியது.

“குடுக்காதே...”

என் காதுமடலில்.

நான் நிறுத்தவில்லை.

3.01. அவர் இமை அசைந்தது.

வாசல் காலி.

கொக்கு மூச்சிரைக்க வந்தான். “யாருகூடக்கா சண்டை? படிக்கட்டு வரைக்கும் உங்க குரல் கேட்டுச்சு.”

“அவர் சம்சாரம். உள்ள பாரு.”

பார்த்துவிட்டு வந்தான். “ஒருத்தரும் இல்லக்கா. அந்தப் பக்கம் வேற கதவும் கிடையாது.”

3.20. வண்டியில் மறுபடி பார்த்தேன். 116. அவர் தெளிவாகப் பேசினார்.

“வீட்டம்மா உங்களுக்கு சுகர் ஜாஸ்தின்னாங்களே?” என்றேன்.

என் கையைப் பிடித்தார்.

“அவ போய்ச் சேர்ந்து எட்டு மாசமாச்சும்மா. அவளுக்கும் சுகர். இப்படித்தான் விழுந்து கிடந்தா. ஏறிடுச்சுன்னு நினைச்சு நான்தான் இன்னொரு ஊசி போட்டேன். இறங்கியிருந்துச்சாம்...”



ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். “இன்னிக்கு எத்தனை ஊசி போட்டீங்க?”

“காலைல ஒண்ணுதான். வயித்துல.”

சட்டையை மாற்ற அவரைப் புரட்டிய நர்ஸ் அப்படியே நின்றுவிட்டாள்.

முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், புதிதாக ஓர் ஊசித் துளை. ரத்தம் இன்னும் காயவில்லை.

எந்தக் கையை எப்படி வளைத்தாலும், அவருக்கு அங்கே எட்டாது.