அண்ணன் பதிந்து வைத்தது

பாம்பனில் மீனவர்கள் நடத்திய மறியலில் அண்ணன் பேசியதைச் செய்திச் சேனலில் காட்டினார்கள். அதை அவன் வீட்டு டிவியில் இருக்கும் ஆப்பில் ரெக்கார்டு செய்து வைத்திருந்தான். சில வாரங்களில் படகு கவிழ்ந்து இறந்துபோனான். போனும் அவனோடு கடலுக்குள் போய்விட்டது. அவன் குரல் எங்களுக்கு மிஞ்சியது அந்த ரெக்கார்டில் மட்டும்தான்.

துக்க வீட்டில் டிவி போடக் கூடாது. "நாப்பதாம் நாள் பூசை முடியட்டும், ஒக்காந்து அவன் பேசுறதப் பாப்போம்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வந்ததும் போட்டேன். அண்ணனைக் காணோம். வரிசையாக அம்மாவின் சீரியல்தான் இருந்தது. அம்மா மீன் விற்கப் போய்விடுவாள் என்று, தினமும் அது தானாகப் பதியும்படி செய்து வைத்தவன் அவன்தான். டிவியை அணைத்துப் போட்டிருந்தாலும் ஆப் நெட்டிலேயே அது பாட்டுக்குப் பதிந்துகொண்டே இருந்திருக்கிறது. இடம் நிறைந்ததும் பழையதை ஆப்பே அழித்துவிடுமாம். எந்தப் புண்ணியவான் செய்த ஏற்பாடோ, அழிப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

ஆத்திரத்தில், "இந்தச் சீரியல் பூராத்தையும் அழிச்சிரவா?" என்றேன்.

"வேணாம்" என்றாள் அம்மா. "அதாச்சும் அவன் போட்டு வச்சது."