கடைவாய்க்கு ஆறு வாரம் விடுப்பு

எலக்ட்ரீஷியன் மெயின் சுவிட்சை அணைத்தோமா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொள்வார். பிறகு ஒயரைக் கடைவாயில் வைத்துத் தலையை ஒரு வெட்டு வெட்டுவார். பிளாஸ்டிக் தோல் கழன்று செம்புக் கம்பி பளிச்சென்று வெளியே வரும். பிறர் வீட்டுத் தரையில் குப்பை போடக்கூடாது என்பதால் தோலைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். துவைக்கும்போது மனைவி அதையெல்லாம் பொறுக்கி, அவர் சாப்பாட்டுத் தட்டருகே வைப்பாள்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. கீழ்த்தாடைக் கோடியில் ஒரு ஞானப்பல் எலும்புக்குள்ளேயே குறுக்காகப் படுத்துக் கிடந்து, போன மாதம் சீழ் வைத்துவிட்டது. பல் டாக்டர் அதைத் தோண்டி எடுத்தார். எக்ஸ்ரே படத்தில் அந்தக் குழிக்கு அடியில் மெல்லிசாக ஒரு கோடு. மிஞ்சிய எலும்பு அவ்வளவுதான்.

"ஆறு வாரம் அழுத்தி எதையும் கடிக்காதீங்க. தாடையே முறிஞ்சிடலாம். அப்புறம் தகடு வச்சு ஸ்க்ரூ போடணும்."

"ஸ்க்ரூ நம்மகிட்டயே இருக்கு டாக்டர்."

டாக்டர் சிரிக்கவில்லை. மனைவியும் சிரிக்கவில்லை. வரும் வழியிலேயே ஒயர் உரிக்கும் கட்டர் ஒன்றை வாங்கி அவர் தோள்பையில் போட்டாள். அப்படியும் நம்பிக்கை வராமல், ஏணி பிடிக்கிற சாக்கில் வேலைக்கும் கூடவே கிளம்பிவிட்டாள்.

விசாரிப்பவர்களிடம் அவர் தன்னைத்தானே கிண்டலடித்துக்கொள்வார். இத்தனை வருஷம் கரண்ட் விட்டுவைத்த ஆளை ஒரு பிஸ்கட் முடித்துவிடும் என்பார். மசித்துக் கொடுத்ததை விழுங்கியபடி, இப்போதுதான் பல் முளைத்த பேரன் தன்னை முந்திக்கொண்டு கடிக்க ஆரம்பித்துவிட்டான் என்பார். "அந்தப் பல்லு ஒரு வேலையும் செய்யாம உள்ளயே படுத்துத் தூங்கியிருக்கு. என்கூட இருந்துட்டு வேற எதைக் கத்துக்கும்?"

நேற்று ஒரு வீட்டுக் கூடத்தில் மின்விசிறி மாட்டினார். ஏணி உச்சியில், பேச்சுவாக்கில், ஒயர் தானாக வாய்க்குப் போனது. கீழே மனைவி ஏணியை ஒரு தட்டுத் தட்டினாள். பல்லில் படுவதற்குள் கை நின்றுவிட்டது. அந்தக் கையாலேயே தாடையைத் தடவிப் பார்த்தார்.

"இனிமே இந்த வாய் பேசறதுக்கு மட்டும்தான்" என்றார்.

"அதையும் கொஞ்சம் குறைச்சுக்கலாங்க" என்றாள்.

பரம சாதுவாகத் தோள்பையில் இன்னும் பிரிக்காமலே கிடந்த கட்டரை எடுத்தார். தடித்த பிளாஸ்டிக் உறை, பிரிக்க ஒரு வழியும் தெரியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் கீறினார். பிறகு உறையின் ஓரத்தைக் கடைவாய்க்குக் கொண்டுபோனார்.

அவள் இரண்டு படி ஏறி அதைப் பிடுங்கிக்கொண்டாள். மூலையைத் தன் பல்லிடுக்கில் வைத்துத் தலையை ஒரு வெட்டு வெட்டினாள். கிழிந்த துண்டை அவர் கால்சட்டைப் பையில் திணித்துவிட்டு, கட்டரை மேலே நீட்டினாள்.