காலால் கேட்டது

‘ஹியர், லிசன், ஓவர்ஹியர்’ என்று அகராதிப் புத்தகத்தைப் பார்த்துப் பேத்தி ஒப்பிக்கிறாள். கேட்பதற்கு ஆங்கிலத்தில் இத்தனை சொல் உண்டாம். கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த எனக்கு அதெல்லாம் விளங்காதாம்.

இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கிற இடத்தில் அன்று பேட்டை ரைஸ் மில்லின் நெல் காயப்போடும் களம் இருந்தது. அவித்த நெல்லின் வாசம் முகத்தில் அடிக்க, அம்மாவின் பின்னாலேயே நானும் வெறுங்காலால் நெல்லைத் தள்ளித் தள்ளி நடப்பேன். ஈரநெல் ஊமையாகக் கிடக்கும், காயக் காய முணுமுணுக்கும், பதம் வந்ததும் கலகலவென்று சிரிக்கும்.

ஒருநாள் மேஸ்திரி நெல்லை அள்ளச் சொன்னார். பதம் தப்பி அரிசி நொறுங்கினால் அம்மாவின் வேலைதான் போகும்.

“இன்னும் காயல அண்ணாச்சி, சத்தம் வரல” என்றேன்.

“ஏட்டி, நெல்லு உங்கிட்ட பேசுதோ?”

“பேசுது. செருப்பக் கழத்துங்க, உங்களுக்கும் கேக்கும்.”

அம்மா என்னை அதட்டவில்லை. நெல்லை அள்ளாமல் முறத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். மேஸ்திரியே ஒரு மூட்டையை அள்ளி அரைத்துப் பார்த்தார். அத்தனையும் நொய். மறுநாளிலிருந்து செருப்பைக் களத்துக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் வந்தார்.

காலால் கேட்பதற்கு அந்தப் புத்தகத்தில் ஒரு சொல் இருக்கிறதா என்று பேத்தியிடம் கேட்டேன். இன்னும் புரட்டிக்கொண்டிருக்கிறாள். பையத் தேடட்டும், எனக்கு அவசரமில்லை.