கம்பைப் பிடித்த தவமணி அக்கா

துபாயின் ஜெபல் அலியில் எங்கள் கிடங்கின் கணக்கறையில் இருந்தபோது செய்தி வந்தது. லீவில் யாழ்ப்பாணம் போயிருந்த தவமணி அக்கா மாரடைப்பில் போய்விட்டார் என்று அவருடைய தங்கை போனில் சொன்னார். சரி, சரி என்று நாலைந்து முறை சொன்னேன். எது சரி என்று எனக்கே விளங்கவில்லை.

மாலை வகுப்பில் எங்களோடு படித்த உங்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். துபாய்ப் பள்ளி ஒன்றில் உதவி ஆசிரியை. கணவரை இழந்தவர். நாற்பதைத் தாண்டிய பிறகு பட்டம் படிக்க வந்தது ஆசையால் அல்ல. பட்டம் இல்லாவிட்டால் விசாவைப் புதுப்பிக்க மாட்டோம் என்று பள்ளி சொல்லியிருந்தது. விசா போனால், பள்ளி இறுதி வகுப்பில் இருந்த மகள் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டும்.

நம் பல்கலைக்கழகத்தின் விதியையும் மறந்திருக்க மாட்டீர்கள். எந்தப் பட்டமானாலும், குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நீந்திக் காட்டினால்தான் சான்றிதழ். கணக்கியலுக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று அலுவலகத்தில் நான் சண்டையே போட்டேன். மூச்சுத் தொந்தரவு என்று டாக்டரிடம் எழுதி வாங்கினால் விலக்கு உண்டு என்றார்கள். அக்கா மறுத்துவிட்டார். இல்லாத நோயை எழுதிக் கொடுத்தால் அது விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் வந்து நிற்கும் என்று பயந்தார். அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

பருத்தித்துறைக்காரர் என்பதால் அவருக்கு நீச்சல் தெரியும் என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்தோம். கேட்டவர்களிடம் சிரித்து மழுப்பினார். என்னிடம் மட்டும் உடைத்துச் சொன்னார்: "கடல் வீட்டுக்கு முன்னாலதான் கிடந்தது. பொம்பிளைப் பிள்ளையளை ஆர் இறங்க விட்டது?"

அவர் குடியிருந்த கட்டடத்தின் மொட்டைமாடிக் குளத்தில் இருவரும் பழகிப் பார்த்தோம். முழுக்கை உடையில் குளத்தோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் உதறிய எங்களை, மீன்குஞ்சு மாதிரி நீந்திய பொடிசுகள் நின்று வேடிக்கை பார்த்தன. வெட்கத்தில் நான் பாதி நாள் மட்டம் போட்டேன். அக்கா ஒரு நாளும் விடவில்லை.

தேர்வன்று பெண்களுக்கு மட்டும் குளம். பெஞ்சு நிறைய இங்கேயே வளர்ந்த பிள்ளைகள். பிலிப்பினோ பயிற்சியாளர் நீளமான கம்பு ஒன்றைக் காட்டினார். திணறினால் அதை நீட்டுவார், பிடித்தால் தேர்வு தோல்வி.

அக்கா பாதிக் குளம்வரை போனார். அங்கே கால் எட்டாது. திடீரென்று கைகள் ஒழுங்கு தவறின. தலை அமிழ்ந்து, மேலே வந்து, மறுபடி அமிழ்ந்தது. கம்பு அவர் முகத்துக்கு நேரே நீண்டது. அவர் அதைப் பார்த்தார். பிடிக்கவில்லை. மகளை நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. பிடியுங்கள் என்று கத்த நினைக்கிறேன், பிடித்தால் எல்லாம் போயிற்றே என்றும் நினைக்கிறேன். மூன்றாம் முறை மேலே வந்தபோது இரண்டு கைகளாலும் கம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

துவாலையைப் போர்த்திக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

"ஏனப்பா தலையைக் குனியிறாய்? உயிரோட கரைக்கு வந்திருக்கிறன்," என்றார். இருமி முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "உனக்கும் ஏலாது எண்டா இப்பவே சொல்லு. தண்ணிக்க போய்ச் சொல்ல ஏலாது."

அடுத்து என் பெயர். குளத்தின் ஓரம்வரை போனேன். குதித்துவிட்டு எப்படியாவது சமாளிக்கலாம் என்பதுதான் அதுவரை என் கெட்டிக்காரத்தனம். எனக்கு நீச்சல் தெரியாது என்றேன். குரல் எழும்பவில்லை. மறுபடி எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். அவளுக்கும் தெரியாதாம்.

மறுநாள் அக்கா தன் பள்ளித் தலைமையாசிரியையிடம் போய், தண்ணீரில் தோற்றுவிட்டேன், இன்னொரு பருவம் அவகாசம் வேண்டும் என்று நேராகக் கேட்டார். கிடைத்தது. அந்தப் பருவம் ஆள் வைத்து முறையாகக் கற்று, இருவரும் மறுமுனையைத் தொட்டோம். பட்டம் வாங்கிய அக்கா தனக்கென்று ஒரு வகுப்போடு முழு ஆசிரியையாகவே இருந்தார், கடைசிவரை.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் தைரியம் அவர் எனக்குக் கொடுத்தது. அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஊரில் காரியங்கள் முடிந்து நேற்று அக்காவின் மகள் துபாய் திரும்பி வந்தாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அம்மாவின் விசாவில் இருந்தவள்; அம்மா போனதோடு அந்த விசாவும் போயிற்று. "இனி நான் எங்க போறது அன்ரி?" என்று கேட்டாள். எல்லாம் சரியாகிவிடும் என்ற பொய் வாய்வரை வந்தது.

"எனக்கும் தெரியலைம்மா," என்றேன். "பெட்டியை எடுத்துக்கிட்டு வா. நம்ம வீட்ல இரு. சேர்ந்து யோசிப்போம்."

வந்துவிட்டாள்.