சுவர் என்ன பண்ணும்?

ஈஜிபுராவில் மெஸ் நடத்திய சரளாவுக்கு வாயும் பெரிது, கரண்டியும் பெரிது. சோற்றை மிச்சம் வைத்தவனை நாலு பேர் முன்னால் கிழித்துவிடுவாள். பிறகு அவன் தட்டிலேயே ரெண்டு அப்பளம் கூட வைப்பாள். புருஷன் போனபின் அந்த அடுப்புதான் அவளைக் காப்பாற்றியது. ஐ.டி. பையன்கள் "அக்கா, அக்கா" என்று உயிரை விட்டார்கள்.

இரண்டாயிரத்து ஆறில், அப்படித் திட்டு வாங்கிய ஒரு நாசமாய்ப் போனவன், பையன்கள் கூடி வம்பளக்கும் இணையதளம் ஒன்றில், சரளா மெஸ் சாம்பாரில் எலி கிடந்தது என்று எழுதிவிட்டான். பெயர் போடவில்லை. நேற்றுவரை அவள் கையால் தின்றவர்களே அதன் கீழே ஆளுக்கொரு நக்கல் எழுதினார்கள். ஒரே மாதத்தில் சரளா ஈ ஓட்டினாள். கவியரசன் என்பவன் மட்டும் வந்து விஷயத்தைப் படித்துக் காட்டினான். அவனும் சாப்பிடாமல் போய்விட்டான்.

அந்தத் தளத்தின் ஆபீஸ் பொம்மனஹள்ளியில் இருந்தது. சரளா நேரே போய் நின்றாள். மேனேஜர் சேஷகிரி மரியாதையாகத்தான் பேசினார்.

"பேப்பர்னா அவங்களே பாத்துப் போடறாங்க, கேக்கலாம். நாங்க வெறும் சுவர்மா. எவனோ எழுதிட்டுப் போறான். சுவரைப் புடிச்சுக் கேட்டா ஆகுமா?"

"எழுதினவன் யாருன்னாவது சொல்லுங்க சார்."

"அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா. ரூல்ஸ்."

மறுநாள் ஆபீஸ் திறக்குமுன் அவர்களுடைய காம்பவுண்டுச் சுவரில் அடுப்புக்கரியால் ஆளுயரத்துக்கு எழுதினாள்: 'இந்த ஆபீஸ்காரங்க எலி திம்பாங்க.'

செக்யூரிட்டி பிடித்து நிறுத்தினான். சேஷகிரி ஓடி வந்தார்.

"ஏன் சார் கோவிச்சுக்கறீங்க? எவளோ எழுதியிருக்கா. சுவர் என்ன பண்ணும்?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. போலீஸ் என்று மிரட்டி, சுண்ணாம்பு வாளி வரவழைத்து, அவளையே வெள்ளையடிக்க வைத்தார். வேலைக்கு வந்த கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது. அதில் பாதி முகங்கள் அவள் மெஸ்ஸில் தின்ற முகங்கள். ஒருத்தனும் அக்கா என்று கூப்பிடவில்லை.

மத்தியானமே தளத்தில் போட்டோ வந்துவிட்டது, சுண்ணாம்புக் கையோடு சரளா: 'எலி அக்காவுக்குப் புது வேலை.'

இருந்த ஒன்றிரண்டு பேரும் அதோடு நின்றுபோக, அடுப்பு அணைந்தது. போட்டோவையாவது எடுத்துவிடுங்கள் என்று கெஞ்ச சரளா மறுபடி போனாள். சேஷகிரி வெளியே வரவில்லை. உள்ளே போய்க் கேட்டுவந்த செக்யூரிட்டிதான் பதில் சொன்னான்.

"ஹோகம்மா, போ. சார் அன்னிக்கே சொன்னாராமே. அது வெறும் சுவராம்."

அவள் அடித்த வெள்ளை அவன் முதுகுக்குப் பின்னால் பளிச்சென்று இருந்தது.