ஏரிக்குள் இருந்த எல்லைக்கல்

அரை மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் அம்மா என்னை அழைத்துப் போனாள். நான் ப்ளஸ் டூ முடித்த கோடை அது. அம்மாவின் பழைய பள்ளிக்கூட சர்டிபிகேட் ஒன்று மாமன் வீட்டுப் பெட்டியில் கிடந்தது. அதை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் சென்னை. உத்திரமேரூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து ஊருக்குள் கால் வைத்தோம். கோயில் பக்கம் மேளம் கேட்டது. அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"அய்யோ, இன்னிக்கா காப்பு கட்றாங்க!"

திரௌபதி அம்மன் திருவிழாவுக்குக் காப்பு கட்டும் நேரத்தில் எல்லைக்குள் இருப்பவர்கள், பத்தாம் நாள் தீமிதி முடியும்வரை எல்லை தாண்டக் கூடாது. விருந்தாளிக்கும் அதே சட்டம். எனக்குச் சிரிப்பு வந்தது. "யாரும்மா பார்க்கப்போறாங்க, வா போகலாம்" என்றேன். அம்மா சிரிக்கவில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒரு காப்பு நாளில்தான் அவள் காய்ந்த ஏரியில் இறங்கி நடந்து, அப்பாவோடு ஓடிப்போனாள். கையில் காப்போடு யாரும் துரத்தி வர மாட்டார்கள் என்று தெரிந்தேதான். அந்த வருஷம் மழை பொய்த்துப்போக, அந்தப் பழியையும் அவள் தலையில் கட்டினார்கள். இன்னொரு தரம் அதை அவளால் தாங்க முடியாது.

ஆக, பத்து நாள் மாட்டிக்கொண்டோம். மாமன் அம்மாவுக்கு ஒரே அண்ணன். அவள் போன நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. வருஷம் தவறாமல் தீ மிதிக்கிறவர். காப்பு கட்டிவிட்டால் மஞ்சள் வேட்டியோடு கோயிலிலேயே படுத்துக்கொள்வார். சாப்பிட மட்டும் வீட்டுக்கு வருவார். அத்தைதான் நடுவில் தபால்காரி.

"அந்தம்மா துன்னாளான்னு கேளு" என்பார் மாமன்.

"துன்னாச்சின்னு சொல்லுங்க அண்ணி" என்பாள் அம்மா.

இருவருக்கும் நடுவே நாலடி தூரம்கூட இருக்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் போன பிறகு அம்மா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள்.

இந்தக் கூத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் நான் கோயில் வெளிக்குப் போனேன். அங்கே பத்தாம் நாள் பீமன் வேஷக்காரர் வந்து வதம் செய்வதற்காகத் துரியோதனனை மண்ணால் செய்துகொண்டிருந்தார்கள். தென்னைமரம் நீளத்துக்கு மல்லாந்து கிடக்கும் ராஜா. செய்கிறவர்களில் எதிர் வீட்டுக்காரன் ஒருவன், பாலிடெக்னிக் படிப்பவன். மூன்றாம் நாள் நானும் மண் மிதித்தேன். அவனுக்குத் தொடை, எனக்குக் கால்விரல்கள்.

"மெட்ராஸ் பொண்ணு வெச்ச சுண்டு விரலு, கட்ட விரலாட்டம் கீது" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். ஈர மண்ணை எடுத்து அவன் முதுகில் அப்பினேன். அந்த நாட்களை இப்போது நினைத்தால் விழித்தபடியே தூங்கியது போலிருக்கிறது. வேப்பம்பூ உதிர்ந்துகொண்டே இருக்கும். மத்தியானம் மைக்கில் பாரதம் படிக்கிறவரின் குரல் வெயிலோடு கலந்து வரும். அவன் பக்கத்தில் இருக்கிறான் என்பது திரும்பிப் பார்க்காமலே தெரியும். எனக்கு அவனைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

எட்டாம் நாள் சாயங்காலம், "நுங்கு துன்றியா?" என்று கேட்டான்.

ஏரியில் பொட்டுத் தண்ணீர் இல்லை. வெடித்த மண்ணில் நடந்தோம். நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நின்றது. அதன் மேல் ஏறிக் குதித்து அக்கரைப் பனைமரங்களுக்குப் போனோம். ஊர் எல்லை அந்தப் பனைமரங்களுக்கும் அப்பால்தான் என்று அவன் நினைத்திருந்தான். தண்ணீர் நிற்கிற வருஷங்களில் அந்தக் கல் கண்ணில் படாது. அதுதான் எல்லைக்கல் என்று அவனுக்கு யாரும் காட்டியதில்லை. நுங்கை நோண்டிக் கொடுத்தான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான். வெயில் மஞ்சளாகி, சிவப்பானது.

ஏரி நடுவில் ஒரு மஞ்சள் வேட்டி ஓடிவந்தது. மாமன்! கல்லைத் தாண்டி, மூச்சு வாங்க எங்கள் முன்னால் வந்து நின்றார். அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"உங்கம்மா அழுதுக்கினு கீறா, வா" என்றார். பிறகு அவனைப் பார்த்து, "நீயுந்தான்டா, வா."

நான் யாரோடோ ஏரியில் இறங்கிப் போனதாக ஒருவர் சொல்ல, அம்மா தலைவிரிகோலமாகக் கோயிலுக்கு ஓடியிருக்கிறாள். "அண்ணா, எம் பொண்ணும் பூட்டாண்ணா!" பத்தொன்பது வருஷத்தில் அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. அவர் ஒன்றுமே கேட்காமல் ஓடிவந்திருக்கிறார்.

தெரியாமல் தாண்டிய எங்களுக்கு மஞ்சள் தண்ணீரை ஊற்றி விட்டுவிட்டார்கள். காப்போடு, தெரிந்தே தாண்டிய மாமனுக்கு இந்த வருஷம் தீமிதி கிடையாது. அவரே காப்பை அவிழ்த்து அம்மன் காலடியில் வைத்தார். அத்தை அழுதாள். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

பத்தாம் நாள் அந்தியில் எல்லோரும் தீயில் இறங்க, மாமன் கூட்டத்தோடு வெளியே நின்றார், எனக்கும் அம்மாவுக்கும் பக்கத்தில். எதிர்ப்பக்கத்திலிருந்து அவன் என்னைப் பார்த்துச் சுண்டு விரலைக் காட்டினான். அந்த விரலைச் சொல்லி இன்றைக்கும் போனில் வம்புக்கு இழுக்கிறான்.

"இம்மாம் சூடு அடிக்குதே, எப்டிதான் எறங்கினேனோ" என்றார் மாமன்.

அம்மா தீயையே பார்த்தபடி சொன்னாள்: "அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பஸ்ஸ வுட்டேண்ணா. நீ வருவேன்னு."

மாமன் அவள் பக்கம் திரும்பினார்.

"கல்லு வரிக்கும் வந்தேன். கையில காப்பு. அங்கியே நின்னுட்டேன்." மணிக்கட்டைத் தடவினார். "அவுத்துப் போட்டுட்டு வந்திருக்கணும்மே."

அம்மா அந்த வெறும் கையைப் பிடித்துக்கொண்டாள். தீமிதி முடிந்தது, இனி யாரும் எல்லை தாண்டலாம். மறுநாள் காலை முதல் பஸ் வந்து போயிற்று. நாங்கள் கிளம்பவில்லை.